ஹெட்போன்

ஹெட்போன் என்பது மின் சைகைகளை ஒலியாக மாற்றி, அவ்வொலியைக் கேட்பவர் ஒருவரின் காதுகளுக்கு மட்டும் வழங்கும் ஒரு சோடிச் சிறு ஒலிபெருக்கிகளைக் கொண்ட கருவி ஆகும். தமிழில் இது தலையணி கேட்பி, காதொலிப்பான் முதலிய பெயர்களாலும் குறிக்கப்படுகிறது. எனினும் கடைகளிலும் பேச்சு வழக்கிலும் ஹெட்போன் என்ற சொல்லே நிலைபெற்றுள்ளது. காதின் உள்ளே செருகப்படும் சிறிய வகை இயர்போன் எனவும், ஒலிவாங்கியும் இணைந்த வகை ஹெட்செட் எனவும் அழைக்கப்படுகின்றன.

இசை கேட்பதற்கும், கணினி மற்றும் செல்பேசி விளையாட்டுகளுக்கும், இணையவழிக் கல்விக்கும் ஹெட்போன்கள் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றின் விலை நூறு ரூபாயில் தொடங்கி இலட்சங்கள் வரை செல்கிறது. ஆயினும் விலை உயர்வதற்கு ஏற்ப ஒலித்தரமும் உயரும் என்று கொள்வதற்கில்லை. குறைந்த விலையில் நல்ல ஹெட்போனை இனங்காண்பதற்குத் தேவையான அடிப்படைச் செய்திகளை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருநெல்வேலி மற்றும் தாமிரபரணிப் படுகையின் இசை மரபிலிருந்தும் அன்றாட வாழ்விலிருந்தும் தரப்பட்டுள்ளன.

வரலாறு

ஹெட்போனின் முன்னோடி தொலைபேசியின் கேட்பி ஆகும். 1881இல் பாரிசு நகரில் கிளெமென் அதேர் என்பவர் தொலைபேசிக் கம்பி வழியாக நாடக அரங்கின் இசையைத் தொலைவில் இருந்தோர் கேட்குமாறு செய்து காட்டினார். இரண்டு காதுகளுக்கும் தனித்தனிக் கேட்பிகள் வைக்கப்பட்டதால், பாடகர் மேடையில் எப்பக்கம் நிற்கிறார் என்பதையும் கேட்போர் உணர முடிந்தது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்டுவின், தலையில் அணியும் கேட்பிகளை அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து அளித்தார்.

வானொலியின் தொடக்க காலத்தில் ஹெட்போன் இன்றியமையாததாக இருந்தது. படிக வானொலிப் பெட்டிக்கு மின்கலமோ மின்பெருக்கியோ கிடையாது. அலைவாங்கியில் கிடைக்கும் மிகச் சிறிய மின்திறன் ஒரு சோடி ஹெட்போனை இயக்க மட்டுமே போதுமானது. தமிழ்நாட்டில் 1924இல் சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது உலகெங்கும் இத்தகைய பெட்டிகளே எளிய மக்களின் வானொலியாக இருந்தன.

1937இல் செருமனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்னும் இயங்குசுருள் ஹெட்போனை வெளியிட்டது. 1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த சான் காஸ், இசை கேட்பதற்கென்றே இருசெவி (ஸ்டீரியோ) ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968இல் சென்ஹெய்சர் நிறுவனம் திறந்த அமைப்புடைய எச்டி 414 என்னும் ஹெட்போனைக் கொண்டுவந்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்த பின்னர், நடந்துகொண்டே இசை கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தனது செல்பேசியிலிருந்து 3.5 மி.மீ. செருகுதுளையை நீக்கியது. அதே ஆண்டில் அது வெளியிட்ட ஏர்பாட்ஸ் கம்பியில்லா இயர்போன்களின் பரவலுக்கு வழிவகுத்தது.

இயங்கும் முறை

பெரும்பாலான ஹெட்போன்கள் இயங்குசுருள் முறையில் செயற்படுகின்றன. மெல்லிய நெகிழிப் படலம் ஒன்றின் பின்புறத்தில் நுண்ணிய கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். இச்சுருள் நிலைக்காந்தம் ஒன்றின் இடைவெளியில் அமைந்திருக்கும். சுருளில் மின்னோட்டம் மாறும்போது படலம் முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. இந்த அமைப்பு டிரைவர் எனப்படுகிறது. காதை மூடும் வகைகளில் டிரைவரின் விட்டம் பொதுவாக 40 மி.மீ. அளவிலும், காதினுள் செருகும் வகைகளில் 6 முதல் 10 மி.மீ. அளவிலும் இருக்கும். டிரைவர் பெரிதாக இருந்தால் ஒலி சிறப்பாக இருக்கும் என்பது தவறான கருத்தாகும். காதினுள் செருகும் வகையில் படலத்துக்கும் செவிப்பறைக்கும் இடையே மிகச் சிறிய அளவு காற்றே இருப்பதால், சிறிய டிரைவரே ஆழ்ந்த ஒலியைத் தர வல்லது.

டிரைவரைப் போலவே அது பொருத்தப்பட்டுள்ள கூடும் ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டும்போது ஒவ்வொரு தூணும் தனக்கே உரிய சுரத்தை எழுப்புவதைப் பலர் கேட்டிருப்பர். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நீளம், தடிமன், நிறை ஆகியவற்றுக்கு ஏற்ற இயல்பு அதிர்வெண் உண்டு. தூணில் சிறப்பாகக் கருதப்படும் இப்பண்பு ஹெட்போனில் குறையாகிவிடுகிறது. மலிவான நெகிழிக்கூடு தனது இயல்பு அதிர்வெண்ணில் தானும் அதிர்ந்து, பதிவில் இல்லாத ஓசையைச் சேர்த்துவிடும். டப்பாவுக்குள் இருந்து பாடுவது போன்ற ஒலி இவ்வாறே தோன்றுகிறது.

வகைகள்

* காதை முழுதும் மூடுபவை: மெத்தைகள் காதைச் சுற்றி அமர்வதால் நீண்ட நேரம் அணிய ஏற்றவை. கோடையில் மிகுந்த வெப்பம் நிலவும் திருநெல்வேலி போன்ற இடங்களில் செயற்கைத் தோல் மெத்தைகள் வியர்வையால் விரைவில் உரிந்துவிடுகின்றன. துணி மெத்தைகள் இங்கு கூடுதலாக உழைக்கும்.
* காதின்மேல் அமர்பவை: எடை குறைந்தவை. வெளியோசையை அதிகம் தடுப்பதில்லை. 1984இல் வெளிவந்த காஸ் போர்ட்டா புரோ இவ்வகையில் புகழ்பெற்றது.
* காதினுள் செருகுபவை: சிலிக்கோன் அல்லது நுரை முனை செவித்துளையை அடைத்துக்கொள்ளும். குறைந்த விலையில் மிகுந்த ஒலித்தரம் கிடைப்பது இவ்வகையிலேயே எனலாம்.
* கம்பியில்லா இயர்போன்கள்: புளூடூத் வழியாக இயங்குபவை. டிரைவரோடு மின்கலம், வானலை ஏற்பி, ஒலிமாற்றி ஆகியவையும் விலையில் அடங்குவதால், ஒரே விலையில் கம்பியுள்ள வகையே பெரும்பாலும் மேலான ஒலியைத் தரும்.

கூட்டின் பின்புறம் மூடப்பட்டிருந்தால் மூடிய வகை எனவும், துளைகள் இருந்தால் திறந்த வகை எனவும் கூறப்படும். திறந்த வகையில் இசை அகன்று ஒலிக்கும். ஆனால் வெளியோசை உள்ளே வரும்; உள்ளோசை அருகில் இருப்பவருக்கும் கேட்கும். அமைதியான அறைக்குத் திறந்த வகையும், பேருந்துக்கும் விடுதி அறைக்கும் மூடிய வகையும் பொருந்தும்.

பெட்டியில் காணப்படும் அளவுகள்

அதிர்வெண் வீச்சு

பெரும்பாலான பெட்டிகளில் 20 ஹெர்ட்சு முதல் 20,000 ஹெர்ட்சு வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். இது மனிதக் காது உணரக்கூடிய வீச்சு ஆகும். ஒவ்வோர் அதிர்வெண்ணையும் எவ்வளவு கூடுதலாக அல்லது குறைவாக ஒலிக்கிறது என்ற விவரம் இல்லாவிட்டால் இந்த எண்ணால் பயன் இல்லை. நூறு ரூபாய் இயர்போனிலும் இதே எண்ணே அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம்.

மின்மறுப்பும் உணர்திறனும்

மின்மறுப்பு ஓம் என்னும் அலகாலும், உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும் குறிக்கப்படுகின்றன. செல்பேசி ஒன்று 0.5 வோல்ட்டு மின்னழுத்தம் தருவதாகக் கொள்வோம். 32 ஓம் ஹெட்போனில் இது ஏறத்தாழ 7.8 மில்லிவாட்டுத் திறனாகும். 250 ஓம் ஹெட்போனில் 1 மில்லிவாட்டு மட்டுமே. இரண்டின் உணர்திறனும் மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் எனில், முதலாவது 109 டெசிபெல் வரையும், இரண்டாவது 100 டெசிபெல் வரையும் ஒலிக்கும். எனவே செல்பேசியில் நேரடியாகப் பயன்படுத்த விரும்புவோர் 16 முதல் 32 ஓம் வரையிலான வகைகளைத் தெரிவு செய்வது நன்று. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான உயர் மின்மறுப்பு வகைகளுக்குத் தனி மின்பெருக்கி தேவைப்படலாம்.

விலையும் தரமும்

2017இல் செரோன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விற்பனை விலையோடு ஒப்பிட்டு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதிர்வெண் துலங்கலுக்கும் விலைக்கும் இடையே தொடர்பு காணப்படவில்லை என்பதே அதன் முடிவு. உருவாக்கப் பொருள், வடிவம், வணிகப்பெயர், விளம்பரம் ஆகியவையும் விலையில் அடங்குவது இங்குக் கருதத்தக்கது.

சீன் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் ஹார்மன் நிறுவனத்தில் நடத்திய கேட்புச் சோதனைகள், பெரும்பாலானோர் எத்தகைய ஒலிச்சமநிலையை விரும்புகின்றனர் என்பதை ஒரு வரைகோடாக வகுத்தன. மனிதச் செவித்துளை ஏறத்தாழ 3,000 ஹெர்ட்சு அளவில் இயல்பாகவே ஒத்ததிர்வு கொண்டது. ஹெட்போன் அணியும்போது இந்த இயற்கை அமைப்பு மாறிவிடுவதால், அதை ஈடுசெய்யும் வகையில் ஒலி அமைய வேண்டும். இத்தகைய அளவீடுகள் பொதுவில் கிடைக்கத் தொடங்கிய பின், சீனாவின் சிறு நிறுவனங்கள் அவற்றை இலக்காகக் கொண்டு மலிவான இயர்போன்களை வடிவமைத்தன. 2022இல் வெளிவந்த மூன்டிராப் சூ, 7எச்இசட் சல்நோட்ஸ் சீரோ ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒருகாலத்தில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மட்டும் கிடைத்த ஒலிச்சமநிலை இன்று சுமார் 2,000 ரூபாய்க்குள் கம்பியுள்ள இயர்போனில் கிடைக்கிறது.

இந்தியச் சந்தையில் 2016இல் அறிமுகமான போட் முதலிய உள்நாட்டு வணிகப்பெயர்கள் பெரும் பங்கைப் பிடித்துள்ளன. குறைந்த விலைக் கருவிகள் பலவற்றில் தாழ் ஒலி (பாஸ்) வேண்டுமென்றே மிகைப்படுத்தப்படுகிறது. கடையில் அரை நிமிடம் கேட்பவருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஒரு மணி நேரம் கேட்பவருக்கு அதே ஒலி சலிப்பையும் தலைவலியையும் தரக்கூடும். மிகைத்த தாழ் ஒலி பாடகரின் குரலை மறைப்பதும் உண்டு.

இசையைக் கொண்டு சோதித்தல்

அளவீட்டுக் கருவி இல்லாதவர் தமக்கு நன்கு அறிமுகமான இசையைக் கொண்டே ஹெட்போனைச் சோதிக்கலாம். நெல்லை வட்டாரத்தில் இதற்கு மிகவும் பொருத்தமானது வில்லுப்பாட்டு ஆகும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் நிகழ்த்தப்படும் இக்கலையில், ஒலியின் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் தனித்தனிக் கருவிகளால் நிரப்பப்படுகின்றன.

* குடம்: மண்குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது உள்ளே உள்ள காற்று அதிர்ந்து தாழ் ஒலி எழுகிறது. நல்ல ஹெட்போனில் ஒவ்வோர் அடியும் தொடங்கி முடிவது தெளிவாகக் கேட்கும். அடிகள் ஒன்றோடொன்று கலந்து உறுமினால் தாழ் ஒலி மிகையாக உள்ளது எனக் கொள்ளலாம்.
* புலவரின் குரலும் உடுக்கையும்: இவை இடைப்பகுதி ஒலியைச் சார்ந்தவை. கதைச் சொற்கள் ஒவ்வொன்றும் முயற்சியின்றிப் புரிய வேண்டும்.
* வில்லின் மணிகளும் சால்ராவும்: இவை மேல் ஒலியைக் காட்டும். மணி ஒலித்து மெல்லத் தேய்வது கேட்க வேண்டும். ஓசை காதைக் குத்தினால் மேல் ஒலி மிகை. மணி இருப்பதே தெரியாவிட்டால் குறை.

நல்ல ஹெட்போன் கருவி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பதிவில் உள்ளதை மட்டுமே தருகிறது. ஆகவே சோதிக்கும் பதிவும் நன்றாக இருத்தல் வேண்டும். மத்திய அலை வானொலியில் ஒலிபரப்பாகும் ஒலி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேல் செல்வதில்லை. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகளை நெடுங்காலம் மத்திய அலையில் கேட்டுப் பழகியவர், அதே கலையைத் தெளிவான எண்ணிமப் பதிவில் கேட்கும்போது, மணிகளின் மேல் ஒலியை முதன்முறையாக முழுமையாக உணர வாய்ப்புண்டு.

இரு பக்கச் சமநிலையைச் சோதிக்கப் பழைய ஒருவழி (மோனோ) பதிவுகள் உதவும். தாமிரபரணிக் கரையில் உள்ள காருகுறிச்சியைச் சேர்ந்த நாதசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), கொஞ்சும் சலங்கை (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக வாசித்த பாடல் பலரும் அறிந்தது. இத்தகைய ஒருவழிப் பதிவில் குரலும் நாதசுரமும் தலையின் நட்டநடுவில் ஒலிக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால் இரு டிரைவர்களும் ஒத்த அளவில் இல்லை அல்லது முனைகள் சரியாகப் பொருந்தவில்லை என்பது பொருள். குரலும் நாதசுரமும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் பகுதியில் அமைவதால், அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஹெட்போனின் இடைப்பகுதித் தெளிவுக்கு நல்ல சோதனையாகும்.

காதினுள் செருகும் வகையைச் சோதிக்கும் முன் முனைகளின் அளவைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. முனை சிறிதாகிக் காற்று கசிந்தால் தாழ் ஒலி முற்றிலும் மறைந்துவிடும். தரமற்றது என்று ஒதுக்கப்படும் இயர்போன்களில் பல, உண்மையில் முனை பொருந்தாதவையே.

விளையாட்டுக்கான ஹெட்போன்

கணினி மற்றும் செல்பேசி விளையாட்டுகளில் ஒலி என்பது அழகுக்காக மட்டும் அன்று. எதிராளியின் காலடி எத்திசையில் கேட்கிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கலாம். பப்ஜி செல்பேசி விளையாட்டு 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதன் இந்திய வடிவம் 2021இல் வெளிவந்து, 2022 சூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. இத்தகைய விளையாட்டுகளே இளைஞரிடையே ஹெட்செட் வாங்கும் பழக்கத்தைப் பெருக்கின.

திசை உணர்வு

ஒலி வலப்புறத்திலிருந்து வந்தால் அது வலக்காதை முதலில் அடைகிறது. இரு காதுகளுக்கும் இடையிலான கால வேறுபாடு மிகுதியாக 0.6 முதல் 0.7 மில்லிநொடி அளவே ஆகும். இந்த நுண்ணிய வேறுபாட்டையும், ஒலியளவு வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையை அறிகிறது. மனிதருக்கு இரண்டு காதுகளே உள்ளமையால், திசையைக் காட்ட இரண்டு நல்ல டிரைவர்களே போதும். 7.1 ஒலி என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவான ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் இரண்டு டிரைவர்களே உள்ளன. மற்றவை மென்பொருளால் கணிக்கப்படுபவை. பல விளையாட்டுகளில் இத்தகைய கணிப்பு உள்ளேயே அமைந்துள்ளதால், அதன்மேல் மற்றொன்றைச் சேர்ப்பது திசையைக் குழப்பிவிடும்.

தாமதம்

புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுவதால் தாமதம் ஏற்படுகிறது. பொதுவான எஸ்பிசி முறையில் இது 150 முதல் 250 மில்லிநொடி வரை இருக்கலாம். நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் 200 மில்லிநொடி என்பது 12 படங்களுக்குச் சமம். அதாவது துப்பாக்கி வெடித்ததைக் கண் கண்டபின் 12 படங்கள் கழித்தே காது கேட்கும். பாட்டு கேட்கும்போது இத்தாமதம் தெரிவதில்லை. விளையாட்டுக்குக் கம்பியுள்ள வகை அல்லது தனி யூ.எஸ்.பி. ஏற்பியுடன் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்சு வகை ஏற்றது.

மேலும், புளூடூத் ஹெட்செட்டின் ஒலிவாங்கியை இயக்கும்போது வழமையான புளூடூத் முறையில் கருவி பேச்சு நிலைக்கு மாறுகிறது. அப்போது ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகக் குறைக்கப்படுவதால் அதன் தரம் தொலைபேசி ஒலி அளவுக்குத் தாழ்ந்துவிடும். நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாடும்போது ஒலி திடீரெனக் கெட்டுவிடுவதன் காரணம் இதுவே.

செருகியின் அமைப்பு

ஒலிவாங்கி உள்ள 3.5 மி.மீ. செருகியில் நான்கு உலோக வளையப் பகுதிகள் காணப்படும். இன்றைய வழக்கில் நுனி இடப்பக்கத்துக்கும், அடுத்தது வலப்பக்கத்துக்கும், மூன்றாவது பொதுக்கம்பிக்கும், நான்காவது ஒலிவாங்கிக்கும் உரியவை. பழைய கருவிகள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அவ்வாறு பொருந்தாத கருவியில் செருகும்போது பாடகரின் குரல் மறைந்து, பின்னணி இசை மட்டும் வெறுமையாகக் கேட்கும். ஹெட்போன் பழுதாகிவிட்டது என்று கருதி எறிந்துவிடும் முன் இதைச் சரிபார்த்தல் வேண்டும். கணினியில் கேட்புக்கும் ஒலிவாங்கிக்கும் தனித்தனித் துளைகள் இருந்தால், இரண்டாகப் பிரிக்கும் ஒரு சிறு இணைப்புக் கம்பி போதுமானது. துளையே இல்லாத செல்பேசிகளுக்கு யூ.எஸ்.பி. டைப்-சி ஒலிமாற்றி தேவை.

விளையாட்டுக்கென்று வண்ண விளக்குகளுடன் விற்கப்படும் ஹெட்செட்டுகளில் விலையின் ஒரு பகுதி விளக்குகளுக்கும் தோற்றத்துக்கும் செல்கிறது. நல்ல இசை இயர்போன் ஒன்றை ஒலிவாங்கியுள்ள கம்பியுடன் வாங்கினால், ஒரே கருவி இசைக்கும் விளையாட்டுக்கும் பயன்படும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* கம்பியைக் கழற்றி மாற்றும் வசதி உள்ளதா எனப் பார்க்கவும். ஹெட்போன்கள் பெரும்பாலும் கம்பி முறிவதாலேயே பயனற்றுப் போகின்றன. டிரைவர் கெடுவது குறைவு.
* கம்பியில்லா இயர்போன்களின் சிறு இலித்தியம் மின்கலங்கள் சில ஆண்டுகளில் ஆற்றல் குன்றிவிடும். அவற்றை மாற்றுவது பெரும்பாலும் இயலாது. கம்பியுள்ளவை செருகி முறிந்தாலும் செல்பேசி பழுதுபார்க்கும் கடையில் பற்றவைத்துக் கொள்ளத்தக்கவை.
* கம்பியில்லா வகைகளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் அச்சிடப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும். புகழ்பெற்ற வணிகப்பெயர்களின் போலிகள் சாலையோரக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுகின்றன. அவற்றின் மின்கலமும் மின்னேற்றியும் பாதுகாப்பானவை என்று கூற இயலாது.
* பற்றுச்சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ளவும். உத்தரவாதக் காலத்தில் விற்பவர் மாற்றித்தர மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் நாடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

செவிப் பாதுகாப்பு

உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் மனிதரில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே ஹெட்போன் தெரிவில் ஒலித்தரத்தைவிட முதன்மையானது செவியின் நலம் ஆகும். நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் செவித்திறன் இழக்கும் வாய்ப்பில் உள்ளனர் என உலக நலவாழ்வு அமைப்பு தெரிவித்துள்ளது. அவ்வமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த தரநெறியின்படி, பெரியவர் ஒருவர் வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு இது 75 டெசிபெல் ஆகும். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும்.

* 80 டெசிபெல்: வாரத்துக்கு 40 மணி நேரம்
* 83 டெசிபெல்: 20 மணி நேரம்
* 86 டெசிபெல்: 10 மணி நேரம்
* 89 டெசிபெல்: 5 மணி நேரம்
* 92 டெசிபெல்: 2 மணி 30 நிமிடம்
* 95 டெசிபெல்: 1 மணி 15 நிமிடம்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று படிக்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக ஒரு மணி, வர ஒரு மணி என வாரம் ஆறு நாட்களுக்கு 12 மணி நேரம் அவர் இசை கேட்கிறார். பேருந்தின் இரைச்சல் 76 டெசிபெல் எனக் கொண்டால், பாடல் தெளிவாகக் கேட்க அதைவிட 10 டெசிபெல் கூட்டி 86 டெசிபெல் அளவில் வைப்பார். இந்த அளவில் அனுமதிக்கப்பட்டது வாரத்துக்கு 10 மணி நேரமே. பயணத்திலேயே அவர் வரம்பைக் கடந்துவிடுகிறார். செவித்துளையை நன்கு அடைக்கும் இயர்போன் பேருந்து இரைச்சலை 10 டெசிபெல் குறைத்தாலே, அதே பாடலை 76 டெசிபெல்லில் அதே தெளிவோடு கேட்கலாம்; வரம்புக்கு மிகவும் கீழே இருக்கலாம். வெளியோசையைத் தடுக்கும் ஆற்றல் குறைந்த விலை ஹெட்போனிலும் கட்டாயம் பார்க்க வேண்டிய பண்பு என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இதே பண்பு சாலையிலும் இருப்புப்பாதை அருகிலும் உயிருக்கு ஊறு விளைவிக்கும். நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதை அடைக்கும் கருவிகளை அணிதல் கூடாது.

ஹெட்போனைக் கழற்றிய பின் காதில் இரைச்சல் கேட்பது, எதிரில் இருப்பவர் பேச்சு மந்தமாகத் தோன்றுவது ஆகியவை செவி களைத்துள்ளமைக்கு அறிகுறிகள். இவை தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

கல்வியில் பயன்பாடு

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குன்றியோருக்கும் தனித்தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. தென்னிந்தியாவில் இத்துறையின் முன்னோடி நிறுவனங்களுள் இவையும் அடங்கும். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு இன்று கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் பாடநூலுக்கு நிகரானது. அவருக்கு ஹெட்போன் பொழுதுபோக்குக் கருவி அன்று. எழுத்தையே அதன் வழியாகத்தான் அவர் பெறுகிறார். பேச்சைக் கேட்பதற்குத் தாழ் ஒலி மிகைப்படாத, இடைப்பகுதி தெளிவான, எடை குறைந்த கருவி தேவை. அருகில் பேசுவோரின் குரலும் கேட்க வேண்டியிருப்பதால் காதின்மேல் அமரும் திறந்த வகை பொருத்தமானது. மலிவான நல்ல ஹெட்போன் கிடைப்பது இம்மாணவர்களுக்குப் படிப்பைத் தொடர்வதோடு தொடர்புடைய செய்தியாகும்.

பராமரிப்பு

செருகியை வெளியே எடுக்கும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியின் உடலைப் பிடித்து இழுத்தல் வேண்டும். கம்பியைச் செல்பேசியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதால் உள்ளிழைகள் முறியும். தளர்ந்த வளையமாகச் சுற்றி வைப்பதே நன்று. காதினுள் செருகும் வகையின் முனைகளைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்கு உலர்ந்த பின் மாட்டலாம். வலைப்பகுதியில் செவிமெழுகு அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஒலி குறையும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருவர் பயன்படுத்திய முனையை மற்றவர் பயன்படுத்துவது செவித்தொற்றுக்கு இடமளிக்கும் என்பதால் தவிர்க்கத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலிபெருக்கி
* ஒலிவாங்கி
* புளூடூத்
* வில்லுப்பாட்டு
* காருகுறிச்சி அருணாசலம்
* செவிப்புலன்